துபாய் பள்ளி வேலைக்குக் கிளம்பும் டெல்லி ஆசிரியர்களுக்கு: இன்சூரன்ஸ், எக்ஸ்ரே, மாத்திரை

ஆஃபர் லெட்டர் வந்ததும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் முதலில் பேசப்படுவது சம்பளமும் வீட்டு வாடகையும்தான். உடம்பைப் பற்றி அதில் ஒரே வரி இருக்கும்: மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டு. அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

துபாய் சட்டப்படி ஊழியருக்கு இன்சூரன்ஸ் எடுப்பது பள்ளியின் பொறுப்பு. ஆனால் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டியது அவர்களுக்கு விசா ஸ்பான்சர் செய்பவர், அதாவது நீங்கள். அதனால் பள்ளி நிர்வாகத்துக்கு மெயில் போட்டு, சலுகைப் பட்டியலையும் ஆஸ்பத்திரிப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அடிப்படைத் திட்டம் என்றால் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். முதல்முறை சேருபவருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 6 மாதக் காத்திருப்பு. சர்க்கரை, பி.பி. இருப்பவர்கள் அந்த ஆறு மாதச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள். பல் வைத்தியம் பல திட்டங்களில் சேராது. ரூட் கெனால் பாக்கி இருந்தால் டெல்லியிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

ரெசிடென்ஸ் விசாவுக்கு அங்கே போனதும் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. எப்போதோ வந்து ஆறிய டிபியின் தழும்பு தெரிந்தால்கூட மேல்சோதனை கேட்கலாம், விசா இழுபடலாம். ஆகவே, இங்குள்ள வேலையை ராஜினாமா செய்யும் முன்பே சொந்தச் செலவில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் (கர்ப்பமாக இருந்தால் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்). தழும்பு இருந்தால் பழைய ஃபிலிமும் சிகிச்சை முடித்த சான்றும் கைப்பையில் இருக்கட்டும். சவுதி, குவைத் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை கிளம்பும் முன்பே, வளைகுடா நாடுகளின் மருத்துவப் பரிசோதனைக்கான வாஃபித் (Wafid) தளத்தில் பதிந்து, அது ஒதுக்கும் மையத்தில் நடக்கும்.

மாத்திரையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் மருந்துக்கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக, பெட்டியோடு, பில்லோடு வாங்குங்கள். டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் போதாது: எல்ட்ராக்சின் என்றால் பக்கத்தில் லெவோதைராக்சின், எத்தனை மைக்ரோகிராம், தினம் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். டிராமடால், கோடீன், பிரீகாபலின், அல்பிரசோலம் அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். நரம்பு வலிக்கு இங்கே சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரைகள் பலவற்றில் பிரீகாபலின் இருக்கும். கிளம்பும் முன் அமீரக அரசுத் தளத்தில் அனுமதி வாங்காமல் பெட்டியில் வைக்கவே கூடாது.

இங்குள்ள மெடிகிளைம் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஓடும். பாலிசி அறுபடுவதற்கு மறதி மட்டுமே காரணமில்லை. வெளிநாடு போனதும் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) மாற்ற வேண்டும், அப்போது ஆட்டோ டெபிட் நின்றுபோகலாம். கணக்கு மாறிய வாரமே புது மேண்டேட் (பிரீமியத்தைக் கணக்கிலிருந்து எடுக்கும் அனுமதி) கொடுங்கள். வருடப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 30 நாள்தான்.