லுவேகோவின் வேரைப் பிடிப்பது எப்படி?

பேத்தி கைப்பேசியில் ஸ்பானிஷ் கற்கிறாள். டியூஷனுக்குக் கிளம்பும்போது, "வரேன் தாத்தா, அஸ்தா லுவேகோ" என்பாள். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தமாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். ஒரு பெயரைப் பார்த்தால் அப்பன் பெயரும் தெரிந்தாக வேண்டும். 'அப்புறம்' என்ற லுவேகோவின் அப்பனையும் தேடினேன்.

நீங்களும் தேடுவதென்றால் முதலில் ஓசையை நம்பாதீர்கள். லுவேகோவின் மூலம் 'இடத்தில்' என்று பொருள்படும் லத்தீன் லொக்கோ. ஸ்பானிஷிலும் லோக்கோ என்றொரு சொல் உண்டு, பைத்தியம் என்று பொருள். அது பிள்ளை மாதிரி தெரியும், ஆனால் இல்லை. எப்படிச் சொல்கிறேன்? லத்தீனில் அழுத்தம் விழும் குறில் ஒகரம் ஸ்பானிஷில் 'உவே' ஆகும். இரண்டு உயிருக்கு நடுவே வரும் வல்லின க, நாம் 'பகல்' என்னும்போது மெலிகிற மாதிரி மெலியும். ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டாமல் இன்னொன்றில் சோதியுங்கள்: அடுப்பைக் குறித்த லத்தீன் ஃபொக்குஸ், ஸ்பானிஷில் ஃபுவேகோ, அதாவது நெருப்பு. நாம் சொல்லும் ஃபோகஸும் அதே சொல்தான். சரி, விதி நிற்கிறது.

அடுத்து அர்த்தத்தின் பின்னால் நடங்கள். 'இடத்தில்' எப்படி 'அப்புறம்' ஆனது? "நின்ன இடத்திலேயே கணக்கை முடி" என்று நாம் சொல்வதில்லையா? அப்படித்தான் பழைய ஸ்பானிஷில் லுவேகோ என்றால் 'உடனே'. மெக்ஸிகோவில் இன்றும் "லுவேகோ லுவேகோ" என்றால் உடனேதான். மற்றபடி 'உடனே' மெல்லத் தள்ளிப்போய் 'அப்புறம்' ஆகிவிட்டது. குப்பையைக் கொட்டச் சொன்னால் "இதோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் முழுவதையும் படித்து முடிக்கிறவன் நான். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆங்கில உறவுகளில் லோக்கல், லொகேஷன் சுலபம். நம் ஸ்டேஷனைக் கடக்கும் சரக்கு ரயிலின் லோக்கோமோட்டிவிலும் அந்த லொக்கோ இருக்கிறது: இடம் விட்டு நகர்வது. எனக்குப் பிடித்தது லெஃப்டினன்ட். பிரெஞ்சில் 'லியூ' இடம், 'தெனான்' பிடித்திருப்பவர். பெரிய கிராணி லீவில் போனால் பெரட்டு எடுக்கும், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும், சின்னக் கிராணிதான் அவர்.

பூட்டைக் குறிக்கும் லாக்கை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள், அது ஜெர்மானிய வழி வந்தது. நான் சேர்த்து எழுதியிருந்தேன்; பேத்தி சிவப்பு மையில் அடித்துவிட்டாள்.