அக்கா பிள்ளைக்குச் சட்டப்படி கார்டியன் ஆவது எப்படி

காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஒன்றரை வருஷ இடைவெளியில் இறந்த பிறகு வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தாய்மாமன் இருக்கும்போது என்ன கவலை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அக்கா போட்டு வைத்திருந்த டெபாசிட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கேட்டு பேங்கில் போய் நின்ற நாள் வரைக்கும். கவுன்டரில் இருந்த அம்மா உட்காரச் சொல்லி, பேப்பரை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க மாமாதான் சார், நான் நம்புறேன். ஆனா கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் இருக்காது. இந்துக் குடும்பங்களில் அப்பா, அம்மா இருவர்தான் இயற்கையான கார்டியன், தாய்மாமன், சித்தி, தாத்தா பாட்டி யாருக்கும் அந்த உரிமை தானாக வராது. பெற்றவர்கள் உயிலில் ஒருவரை கார்டியனாக எழுதி வைத்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் சொந்தக்காரர்கள் கூடி முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சீல் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கோர்ட் நியமனம் ஆகாது. எந்த மதமாக இருந்தாலும் மனு போடுவது 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ்தான், வக்கீல்கள் இந்த மனுவைச் சுருக்கமாக ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்.

எங்கே போடுவது? பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லையில் உள்ள கோர்ட்டில். நீங்கள் சென்னையில் இருந்தாலும் பிள்ளை தாம்பரத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தால் அது செங்கல்பட்டு மாவட்டம், அதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். சென்னை நகரத்துக்குள் என்றால் ஐகோர்ட் வளாகத்திலேயே இருக்கும் குடும்ப நல நீதிமன்றம். முன்பெல்லாம் ஐகோர்ட்டிலேயே நேராகப் போடுவார்கள், 2022ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிள்ளையின் கார்டியன்ஷிப்பும் கஸ்டடியும் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டது. ஒன்று கவனியுங்கள், பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு வேறு, பிள்ளையின் சொத்தைப் பார்க்கும் பொறுப்பு வேறு. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் பேசுவது முதலாவதைப் பற்றி. பிள்ளை பேரில் வீட்டுப் பங்கோ மனையோ இருந்தால் அதற்கு எந்த கோர்ட், எப்படி மனு என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

வக்கீலைப் பற்றி. ஐகோர்ட்டுக்கு எதிரே தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு முழுக்க வக்கீல் ஆபீஸ்தான், பெயர்ப்பலகை பார்த்து ஏறாதீர்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற ஒருவரை, தெரிந்தவர் மூலமாக விசாரித்துப் பிடியுங்கள். மூன்று கேள்வி கேட்டால் போதும்: கார்டியன் மனு இதற்கு முன் நடத்தியிருக்கிறீர்களா, வாய்தாவுக்கு நீங்களே வருவீர்களா ஜூனியரா, ஃபீஸ் மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு. முழுத் தொகையையும் முதல் நாளே கொடுக்க வேண்டாம், கொடுப்பதற்கு ரசீது வாங்குங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமையாக வராது, கோர்ட் அனுமதி வேண்டும். அதற்கான மனுவை, உங்களுக்காக ஆஜராக நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வக்காலத்தோடு வக்கீல்களே போட்டுவிடுவார்கள்.

பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அப்படியே. சட்ட உதவி எண் 15100க்கு போன் போடுங்கள். பாட்டியோ சித்தியோ மனுதாரராக இருக்கிற வீடுகளில் இந்த வழி இருப்பதே தெரியாமல் நகையை அடகு வைக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் மனசு ஆறவில்லை.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். மனுவில் பிள்ளையின் நெருங்கிய உறவினர்கள் எல்லோர் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், அவர்களுக்கு நோட்டீஸ் போகும். அந்தக் காகிதத்தில் அவர்கள் "எதிர்மனுதாரர்". என் அக்காவின் மாமியார் செய்யாற்றில் இருக்கிறார், தபால்காரர் கொடுத்த கவரை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார், அன்று ராத்திரி போனில் அழுதார். "என் மேல கேஸ் போட்டுட்டீங்களே தம்பி, நான் என்ன பாவம் பண்ணேன்?" அவர் சின்ன மகனோ, சொத்துக்காகத்தான் இது என்று முடிவே கட்டிவிட்டார். மறுநாள் விடிகாலை பஸ் பிடித்துப் போனேன். மனுவின் ஜெராக்ஸை அவர் மடியில் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டி, இது சண்டை இல்லை அத்தை, உங்களுக்குத் தெரியாமல் யாரும் பிள்ளையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கோர்ட் உங்களைக் கேட்கிறது, அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு ஆட்சேபணை இல்லை என்று அபிடவிட்டில் கைநாட்டு வைத்தார். அதற்குள் இரண்டு வாய்தா போய்விட்டது.

அதனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உறவுக்காரர்கள் வீட்டுக்கு நேரில் போய்விடுங்கள், வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். பிள்ளை எங்கே வளரும், லீவுக்கு யார் வீட்டுக்குப் போகும், பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்று வாய்விட்டுப் பேசுங்கள். பிடிக்காதவர் பெயரை மட்டும் மறைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், பின்னால் அவரே வந்து ஆர்டரை ரத்து செய்யக் கேட்பார். அதைவிட முக்கியம், அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் கதையே வேறு. அவர் தகுதியில்லாதவர் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் ஒழிய உங்களை நியமிக்காது, எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலும் அதை மனுவில் அப்படியே எழுதத்தான் வேண்டும்.

காகிதங்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், அங்கே படிக்கிறது என்று ஸ்கூல் தரும் போனஃபைடு சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், உங்கள் ரேஷன் கார்டு, சம்பள விவரம், பிள்ளை பேரில் இருக்கும் பணம் சொத்து பற்றிய ஆவணங்கள். கார்டியன் ஆகச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியும் மனுவோடு போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். ஸ்கூல் சேர்க்கை, ஆபரேஷன் மாதிரி அவசரம் இருந்தால் இடைக்கால உத்தரவு கேட்டுத் தனி மனு போடச் சொல்லுங்கள், முடியும்.

விசாரணையில் கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலன். வயது, மதம், உங்கள் நடத்தை, வசதி, எவ்வளவு நெருங்கிய சொந்தம் எல்லாம் அதற்குள் வரும். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். எங்கள் பிள்ளையை நீதிபதி தன் அறைக்கு அழைத்தார், நான் வெளியே வராந்தாவில் அவள் ஸ்கூல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன கேட்டார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. நீங்களும் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள், ஏற்கெனவே பயந்து போயிருக்கும் பிள்ளை அது. காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போங்கள், கூப்பிடும் நேரம் சொல்ல முடியாது.

ஆர்டர் வந்ததும் அன்றைக்கே காப்பி அப்ளிகேஷன் போடச் சொல்லி, சர்டிஃபைடு காப்பி ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். பேங்க், பாஸ்போர்ட் ஆபீஸ், ஸ்கூல் எல்லா இடத்திலும் அசலைக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் உங்களுக்கும் கட்டுப்பாடு வருகிறது, ஆர்டரில் இருக்கும் நிபந்தனைகளை வக்கீலை உட்கார வைத்துப் படித்துக் கேளுங்கள். கோர்ட் எல்லையைத் தாண்டிப் பிள்ளையை வேறு ஊருக்குக் குடியேற்ற வேண்டுமானால் அனுமதி வேண்டும். சொத்துக்கும் கார்டியன் என்றால், விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ கோர்ட்டைக் கேட்காமல் முடியாது, கணக்குக் கேட்டாலும் காட்ட வேண்டும்.

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். டெபாசிட் வட்டி எவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, கண்ணாடி மாற்றியது எவ்வளவு, தேதி போட்டு ரசீதைப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். பதினெட்டு முடிந்ததும் என் பொறுப்பு முடிகிறது, அன்றைக்கு பாஸ்புக்கோடு அந்த நோட்டும் அவள் கைக்குப் போகும்.