திருட்டு நடந்த இரவில் காவலாளியும் காணாமல் போனால்: முதல் நாளில் செய்ய வேண்டியவை

திருட்டும் நடந்து, இரவு டியூட்டியில் இருந்த காவலாளியையும் காணவில்லை என்றால் ஆளைத் தேடுவதுதான் முதல் வேலை. ‘அவனே எடுத்துக்கிட்டு ஓடியிருப்பான்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எங்கோ அடிபட்டுக் கிடப்பவரைத் தேட ஆளே இருக்காது. பாஸ்டனின் இசபெல்லா ஸ்டீவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அதிகாலை 13 கலைப்பொருட்கள் களவு போயின. இரவுக் காவலாளிகள் இருவரும் காலையில் அதே கட்டடத்தின் அடித்தளத்தில், கை விலங்கிடப்பட்டுக் கட்டிப்போடப்பட்ட நிலையில் கிடைத்தார்கள்.

காவல்துறைக்குச் சொன்ன கையோடு கட்டடத்தைத் தேடுங்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள்; எல்லோரும் ஒரே வழியில் நடந்தால் மற்ற இடங்களின் தடயங்கள் அழியாமல் இருக்கும். கழிப்பறை, பூட்டிய அறைகள், மொட்டை மாடி, படிக்கட்டின் அடிப்பகுதி, ஜெனரேட்டர் அறை, லிஃப்ட் குழி, குளிர்பதனக் கிடங்கு, நிறுத்தியிருக்கும் வண்டிகள் எதையும் விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டிக்குள் மட்டும் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே பிராணவாயு இல்லாமல், காப்பாற்றப் போனவரும் மயங்கி விழுவார். டார்ச் அடித்துப் பாருங்கள், இறங்குவதைத் தீயணைப்புத் துறையிடம் விடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதை ரவுண்டுப் பதிவு, அதாவது காவலாளி சுற்றி வரும்போது ஒவ்வொரு இடத்திலும் போடும் பதிவு, சொல்லும். பத்து இடங்களில் பதிவு போட வேண்டியவர் ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தால், ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட வழிதான் முதலில். அவருடைய செல்போனுக்கு ஒருவர் மட்டும் அழைத்து, மணி அடிக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். ஆளாளுக்கு அழைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும். அதோடு அவர் இருக்கும் இடத்தைக் கண்டறியும் வழியும் அடைபட்டுப் போகும்.

அவர் விட்டுப் போனவற்றைத் தொடாமல் படம் எடுங்கள். செருப்பு, மூக்குக் கண்ணாடி, அன்றாடம் போடும் மாத்திரை, பாதி சாப்பிட்ட சாப்பாடு, வண்டி. கண்ணாடி இல்லாமல் நடக்கவே சிரமப்படுகிறவரின் கண்ணாடி மேசையில் இருந்தால், அவர் தானாகக் கிளம்பவில்லை என்று எண்ண இடமிருக்கிறது. மாத்திரை விட்டுப் போயிருந்தால் அதை உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள், தேடலின் அவசரமே மாறிவிடும்.

அதிகம் கெட்டுப்போவது கேமரா பதிவுதான். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி ஆகும். எட்டு கேமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி வன்தட்டு ஆறு நாள்கூடத் தாங்காது, பழைய பதிவின் மேலேயே புதிது ஏறிவிடும். ஆகவே அன்றே பதிவை அதன் மூல வடிவத்தில் பிரதி எடுங்கள். முடிந்தால் அந்த வன்தட்டையே கழற்றி, உறையில் முத்திரையிட்டுக் காவல்துறையிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். திரையைச் செல்போனில் படம்பிடித்து வைப்பது ஆதாரமாக நிற்பது கடினம். திருட்டு நடந்த ஒரு மணி நேரம் போதாது, முந்தைய இரண்டு வாரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவும் வேண்டும். நோட்டம் பார்க்க வந்தவர் அதில்தான் இருப்பார்.

கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் கடிகாரம் தவறாக ஓடினால் திருத்தவே திருத்தாதீர்கள். அதன் திரையையும் சரியான நேரம் காட்டும் செல்போனையும் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் எடுங்கள். டிவிஆர் 2:40, செல்போன் 2:53 என்றால் பதிவு 13 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. திரையில் 1:10க்குத் தெரியும் ஆள் உண்மையில் 1:23க்கு வந்தவர். இந்த வித்தியாசம் தெரியாமல், அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்த நிரபராதி மாட்டியிருக்கலாம்.

டிவிஆரையே தூக்கிப் போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். கேமராவுக்குள் மெமரி கார்டு, கதவு அட்டைப் பதிவு, அலாரம் பெட்டியின் பதிவு, அக்கம்பக்கத்துக் கேமராக்கள் எல்லாம் இருக்கலாம். ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள், பல ரவுட்டர்களின் பதிவு மின்சாரம் போனதும் அழிந்துவிடும். கார்ட்னர் திருடர்கள் வீடியோ நாடாவையும் நகர்வு உணரிப் பதிவின் அச்சுத்தாளையும் எடுத்துப் போனார்கள், ஆனால் கணினியில் பதிவு தங்கியிருந்தது. எந்த அறைக்கு எப்போது போனார்கள் என்பது அதிலிருந்துதான் தெரிய வந்தது.

புகார் இரண்டாக இருக்கட்டும்: திருட்டுக்கு ஒன்று, ஆள் காணாமல் போனதற்கு ஒன்று. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரே புகாராகப் போனால் அவர் பெயர் சந்தேக நபர் என்று ஏறி, மருத்துவமனைகளிலும் பிணவறைகளிலும் விசாரிக்க யாரும் போகமாட்டார்கள். திருட்டுப் புகாரில் களவு போனவற்றின் எடையையும் எழுதுங்கள். அறுபது கிலோ பெட்டிகள் நாலைந்து போயிருந்தால் ஒற்றை ஆள் வேலையா, வண்டி வந்ததா என்ற கேள்வி தானாக எழும்.

குடும்பத்துக்கு அன்றே நேரில் சொல்லுங்கள், ஊரில் பரவும் பேச்சு அவர்கள் காதுக்கு முதலில் போகக்கூடாது. அவருடைய பல் துலக்கியையும் சீப்பையும் கழுவாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மரபணு கெடும். அங்க அடையாளங்கள், பல் சிகிச்சை விவரம், அண்மைப் புகைப்படம் மூன்றும் புகாரோடு சேர வேண்டும். அடையாளம் தெரியாத உடல் பல ஆண்டு கழித்துக் கிடைத்தாலும் ஒப்பிட இவைதான் கைகொடுக்கும்.

வழக்கு துலங்காமல் நீண்டால், அன்றைய வருகைப் பதிவேடு, சாவிப் பதிவேடு, வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியல் ஆகியவற்றின் அசலைக் கழிவுத்தாளோடு போட்டுவிடாமல் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். சாட்சிகளை மறுபடி விசாரிக்கும்படி காவல்துறையை அவ்வப்போது கேளுங்கள். வேலை போய்விடும் என்று அன்றைக்கு வாய் திறக்காதவர், வேறிடத்துக்கு மாறிய பிறகு பேசுவார்.