புறக்கோட்டையிலிருந்து பூங்கா வரை நடப்பது எப்படி

வெயில் ஏறுமுன் கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் தொடங்குங்கள், ஞாயிறு என்றால் இன்னும் நல்லது, மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் கைவண்டிகள் குறைவு, நிமிர்ந்து பழைய மாடிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். இரண்டாம் குறுக்குத்தெரு சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுச் செட்டியார் தெரு வழியே கதிரேசன் கோயில்களைக் கடந்து கொச்சிக்கடைக்குப் போங்கள். அங்குள்ள பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் புதிதாகக் கட்டுவித்தவர் அக்காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதன். அவசரப்படாமல் ஒவ்வொரு தூணாகப் பாருங்கள், எனக்குக் கொழும்பிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். கழற்றி மாட்ட லேசான செருப்பே போதும்.

சரி, வெயில் சுடத் தொடங்கியதும் பஸ் பிடித்து நகர மண்டபத்தடியில் இறங்குங்கள். எதிரே விகாரமகாதேவி பூங்கா, நல்ல நிழல். களைப்பு ஆறினால் அப்படியே 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்கும் நடக்கலாம். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.