பழைய கிரெட்டா வாங்கப் போகிறீர்களா? முதலில் அது எந்தத் தலைமுறை என்று பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் ஹூண்டாய் கிரெட்டா தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, என்ன விலை. இரண்டும் அப்புறம்தான். கிரெட்டா என்ற ஒரே பெயரில் 2015-லிருந்து குணத்தில் நாலு விதமான வண்டி வந்திருக்கிறது, இன்ஜினும் கியர்பாக்ஸும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன, குழந்தைகளின் பாதுகாப்புக்கு உள்ளே இருப்பதும் மாறியிருக்கிறது. இது தெரியாமல் பேரம் பேசினால், ஐம்பதாயிரம் குறைத்து வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு உங்களுக்கு ஒத்துவராத வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவீர்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-ல் ரெனோ டஸ்டர் வந்தது, 2013-ல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வந்தது. செடான் வாங்க நினைத்த குடும்பங்கள் உயரமான வண்டி பக்கம் திரும்பியது அப்போதுதான். 2014-ல் சீனாவில் ஐஎக்ஸ்25 என்ற பெயரில் காட்டிய வண்டியை நம் சாலைக்கு ஏற்றபடி மாற்றி, 2015 ஜூலை 21 அன்று கிரெட்டா என்று ஹூண்டாய் இறக்கியது. ஆரம்ப விலை 8.59 லட்சம், டெல்லி ஷோரூம் விலை. ஒரகடத்தில் டஸ்டர், மறைமலை நகரில் ஈக்கோஸ்போர்ட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா என்று மூன்றுமே சென்னையைச் சுற்றித்தான் தயாராயின. 2024 தொடக்கத்துக்குள் கிரெட்டா இந்தியாவில் மட்டும் 10 லட்சம் விற்றுவிட்டது. அதனால் சந்தையில் வண்டிக்குப் பஞ்சமில்லை, அவசரப்படவே வேண்டாம்.

சரி, முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். முன் கிரில்லில் மூன்று குரோம் பட்டைகள் கிடைமட்டமாக ஓடினால் அது 2015–18. அதே உடம்பு, ஆனால் பெரிய அறுகோண கிரில், மேல் மாடல்களில் சன்ரூஃப் என்றால் 2018 மே மாதத்துக்குப் பிறகு வந்த ஃபேஸ்லிஃப்ட், அதாவது தலைமுறை மாறாமல் முகத்தை மட்டும் புதுப்பித்தது. ஹெட்லைட் இரண்டு மாடியாகப் பிரிந்து, சுற்றிலும் வளைந்த எல்இடி கோடுகள் இருந்தால் 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் தலைமுறை. பானெட் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விளக்குப் பட்டை ஓடினால் 2024 ஜனவரிக்குப் பிந்தையது. விற்பவர் சொல்கிற வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். சேசிஸ் எண்ணிலும் பார்க்கலாம்: எம்ஏஎல் என்று தொடங்கும் அந்த எண்ணில் பத்தாவது எழுத்துதான் வருடம். எஃப் என்றால் 2015, ஜி 2016, எச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020 என்று போகும். ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. டிசம்பரில் தயாராகி அடுத்த வருடம் பதிவான வண்டியைப் பதிவு வருடத்தின் விலைக்கு விற்கப் பார்ப்பார்கள். அங்கே பேரம் பேச உங்களுக்குப் பிடி கிடைக்கும்.

இப்போது இன்ஜின். முதல் தலைமுறையில் மூன்று உண்டு: 1.6 லிட்டர் பெட்ரோல் (123 குதிரைத்திறன்), 1.4 டீசல் (90), 1.6 டீசல் (128). ஹைவே ஓட்டம் நிறைய இருக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அந்த 1.6 டீசலைத்தான். ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஏற்காடு மலைப்பாதையில் ஏற்றினாலும் அலுத்துக்கொள்ளாது. அதோடு வந்த 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது, டிராஃபிக்கில் சூடாகி முறுக்கிக்கொள்கிற சங்கதி இல்லை. 1.4 டீசல் மைலேஜ் தரும், முழு பாரத்தோடு ஓவர்டேக் செய்ய முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது போதும், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

2020-ல் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் 1.6 இரண்டும் போய், 1.5 பெட்ரோலும் 1.5 டீசலும் வந்தன, இரண்டுக்கும் 115 குதிரைத்திறன். எண்ணைப் பார்த்தால் குறைந்திருக்கிறது, ஆனால் ஓட்டும்போது வண்டி இன்னும் அமைதியாக, இன்னும் பெரிதாகத் தெரியும். நீளம் 4270-லிருந்து 4300 மில்லிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரமான வீல்பேஸ் 2590-லிருந்து 2610. காகிதத்தில் இது சின்ன வித்தியாசம்தான். பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள், அதுவும் வீட்டிலேயே உயரமான ஆளைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

பிஎஸ்6 டீசலில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்புகிற வண்டிக்கு அது வாய்க்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், செலவு வைக்கும். அப்படிப்பட்ட ஓட்டம் உங்களுடையது என்றால் 1.5 பெட்ரோல்தான், மேனுவலோ சிவிடியோ (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) எதுவானாலும் சரி. டீசல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்த 1.4 டர்போ பெட்ரோல். 140 குதிரைத்திறன், ஓட்டினால் ஆசை வரும், மறுக்கவில்லை. 2020-லிருந்து 2023 வரைதான் வந்தது, அதுவும் 7 கியர் டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோடு மட்டும். அந்த டிசிடி உலர் கிளட்ச் வகை, கிளட்சைக் குளிரவைக்க எண்ணெய் கிடையாது. பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று நின்று அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் சூடாகும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: சாயங்கால நெரிசலில், ஒரு மேம்பாலம் உள்ள வழியாக, குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள். காலியான சாலையில் ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் உதறல், ரிவர்ஸில் எடுக்கும்போது தயக்கம், சர்வீஸ் பதிவேட்டில் கிளட்ச் மாற்றியதாகக் குறிப்பு, இதில் எது இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2024-ல் இதன் இடத்தில் 160 குதிரைத்திறனோடு 1.5 டர்போ வந்தது. அதோடு மேனுவல் கியர் வேண்டுமென்றால் 'என் லைன்' (N Line) என்ற ஸ்போர்ட்டி மாடலைப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் எலெக்ட்ரிக்கும் வந்துவிட்டது, 42, 51.4 கிலோவாட் அவர் என்று இரண்டு பேட்டரியில். செகண்ட் ஹேண்ட் கதைக்கு அதை இப்போது இழுக்க வேண்டாம்.

இதெல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது பாதுகாப்பு. சன்ரூஃபுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கும் பெற்றோர், ஏர்பேக் எத்தனை என்று கேட்பதே இல்லை. 2022-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு இரண்டாம் தலைமுறை கிரெட்டாவை இரண்டு ஏர்பேக் மாடலில் மோதிச் சோதித்தபோது பெரியவர்களுக்கு 3 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம்தான் கிடைத்தது. முதல் தலைமுறையிலும் ஆறு ஏர்பேக் உண்டு, ஆனால் எஸ்எக்ஸ் ஆப்ஷனல் என்ற உச்ச மாடலில். 2023 தொடக்கத்தில்தான் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் என்று ஆனது. அதனால் என் யோசனை இதுதான்: பட்ஜெட் இடித்தால் வருடத்தைக் குறையுங்கள், மாடலைக் குறைக்காதீர்கள். 2021 அடிமட்ட மாடலை விட, நன்றாகப் பராமரித்த 2019 எஸ்எக்ஸ் ஆப்ஷனல் குடும்பத்துக்கு நல்லது. பின் சீட்டின் நடு பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள், தோளோடு வருகிறதா, மடியை மட்டும் கட்டுகிறதா என்று. அந்த நடு இடத்தில் பெரும்பாலும் உட்காரப்போவது ஒரு குழந்தை.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெளியே பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை அடித்து, வெளியூரில் கொண்டுபோய் விற்றுவிடுவார்கள். முன் சீட் பெல்ட்டை ஒரு கையால் முழுக்க, கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கே காவி நிறத்தில் குறுக்காக ஒரு கறையோ, விரலில் நரநரவென்று வண்டலோ பட்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு பாருங்கள், டார்ச் அடித்து டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பவர் நாலு சக்கர இழுவை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நகருங்கள், இந்தியாவில் விற்ற கிரெட்டா எல்லாமே முன்சக்கர இழுவைதான். ஏழு பேர் போக வேண்டிய குடும்பமென்றால் இதையே நீட்டிச் செய்த அல்கஸார் 2021-லிருந்து இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கடைசியாகக் காகிதம். டெல்லிப் பக்கம் 10 வருடம் தாண்டிய டீசலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, அங்கத்திய வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. விலை இனிக்கும். ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி எனும் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். உள்ளூர் வண்டியோ வெளியூர் வண்டியோ, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா என்று பார்த்துவிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவற்றில் விற்பவரின் கையெழுத்து விழுந்த பிறகே மீதிப் பணம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்பவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.