கோடியக்கரைப் பக்கம் கூடாரம் போட்டு மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கிளாம்பிங், அதாவது சொகுசு வசதிகளோடு கூடாரத்தில் தங்குவது, என்றதும் மலைச்சரிவில் வெள்ளைக் கூடாரமும் மெத்தையும் மஞ்சள் விளக்கும்தான் நினைவுக்கு வரும். காவிரிக் கடைமடையிலும் அது முடியும். ஆனால் பாதி ஏற்பாட்டை நாமே செய்ய வேண்டும்.

படி 1: மாதத்தைக் குறியுங்கள்

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, கூடவே புயல் பயம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, கோடியக்காடும் தப்பவில்லை. பொங்கல் கழிந்து மாசி வரை போகலாம். மழை ஓய்ந்திருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

படி 2: தோப்பைப் பிடியுங்கள்

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கூடாரம் போட முடியாது. கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர் மூலம் ஒரு தென்னந்தோப்பைப் பிடியுங்கள். அங்கிருந்து கோடியக்கரை சுமார் 10 கி.மீ.தான். தோப்புக்காரரிடம், "அண்ணே, கழிப்பறை இருக்கா? கரண்ட் இழுத்துக்கலாமா? கிணத்துத் தண்ணி எப்படி?" என்று மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும், குளிக்கச் சரிப்படும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். சொகுசு என்பதில் முக்கால்வாசி இந்தக் கழிப்பறைக் கேள்விதான். மெத்தையெல்லாம் அப்புறம்.

கூடாரத்தை மரத்தடியில் போடாதீர்கள். நிழல் ஆசைகாட்டும், ராத்திரி மட்டையோ நெற்றோ விழுந்தால் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவில் வெட்டவெளியாகப் பாருங்கள்.

படி 3: மணலில் கூடாரத்தை நிறுத்துங்கள்

முதல்தடவை நான் பட்டது இங்கேதான். கூடாரத்தோடு வந்த கம்பி முளைகளை மணலில் அடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நடுராத்திரி வாடைக்காற்று அடித்ததில் முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. விடியும்வரை துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம்தான் தோப்புக்காரர் வழி சொன்னார். வெற்று அரிசிச் சாக்கு நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து மிதித்துவிடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கூடார வாசல் வடகிழக்கைப் பார்க்கக் கூடாது, தென்மேற்கே திருப்புங்கள். தை மாதப் பனி மேல்துணியை நனைத்துச் சொட்டும். அதனால் மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பாய், அதன்மேல் மெத்தை, கொசுவலை. கொசுவலையை மறந்தால் மற்றது எதுவும் இருந்து பயனில்லை.

படி 4: விடிகாலையில் வெளிமான்

1967இல் சரணாலயமான காடு இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2002இல் சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்கி, காலை முதல் ஆளாக உள்ளே போங்கள். வெயில் ஏறினால் மான்கள் மறைவுக்குப் போய்விடும். திருகிய கொம்போடு முதுகு கருத்திருப்பது கிடா. பெட்டைகளும் குட்டிகளும் மணல் நிறம். புல்வெளியில் குதிரைகளையும் பார்ப்பீர்கள். அவை காட்டு மிருகமல்ல, என்றோ விடப்பட்ட வீட்டுக் குதிரைகளின் வாரிசுகள். மானுக்கான புல்லை அவையும் மேய்கின்றன. படத்துக்கு அழகுதான், மானுக்கு அல்ல.

பறவைக்குப் பைனாகுலர் கட்டாயம். 8 மடங்கு பெருக்கம் புதியவர்கள் கைக்கு நடுங்காது. சதுப்பில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றால் பூநாரைகள் தலைகீழாக அலகை விட்டு இரை வடிகட்டுவதைப் பார்க்கலாம். உள்ளான்கள் குட்டைக்கால் பறவைகள், சேற்று ஓரத்தில் தேடுங்கள். காலில் வளையம் மாட்டிய பறவை கண்ணில் பட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வலசையை ஆராய்கிறார்கள். திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்.

படி 5: கடற்கரையில் விளக்கை அணையுங்கள்

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) கரையேறி முட்டையிடும் காலம். செயற்கை வெளிச்சம் பட்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி ஊரும். அந்த மஞ்சள் விளக்குச் சரம் தோப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 6: மூன்றாம் நாள் முத்துப்பேட்டை

அங்குள்ள அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ் காடு) படகில்தான் போக முடியும். முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். கோரையாற்று வழியாகக் கழிமுகம் நோக்கிப் போகும்போது கரையோரச் சேற்றில் ஈட்டி நட்டதுபோல நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வேருக்குச் சுவாசம் அவற்றின் வழியாகத்தான். இங்கே பெரும்பாலும் வெண்கண்டல் மரம். இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்; வேண்டாத உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. தொப்பி, குடிநீர், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். படகில் நிழல் இருக்காது.

கிளம்பும்போது சாக்குகளைத் தோண்டியெடுத்து மணலைக் குழியிலேயே கொட்டி மூடுங்கள். சாக்கை உதறிக் கையோடு எடுத்து வாருங்கள், அடுத்த தைக்கு ஆகும்.