பத்து லிட்டர் கடல்நீர், மூன்றடித் தொட்டி: மத்தியதரைக் கடலடி உப்பும் சரிவும்

மத்தியதரைக் கடலடியில் உப்பு படிந்ததையும் அதன் மேல் வண்டல் சரிவதையும் காட்டும் மாதிரியை வேலூர், இராணிப்பேட்டைப் பக்கம் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்பவர்கள் கடைக் கல் உப்பைக் கரைத்து ஆரம்பிக்கிறார்கள். அது வேண்டாம். உப்பளத்தில் உப்பு விளைவதற்கு முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிந்து பிரிந்துவிடும். கடைக்கு வருவதில் அந்த அடுக்கே கிடையாது. 1970இல் குளோமர் சேலஞ்சர் என்ற ஆழ்கடல் ஆய்வுக் கப்பல் மத்தியதரைக் கடலடியைத் துளைத்தபோது ஜிப்சமும் பாறை உப்பும் இரண்டுமே வந்தன. அட்லாண்டிக் பெருங்கடலோடு மத்தியதரைக் கடலுக்கு இருந்த வழி குறுகி, சுமார் 59.7 லட்சம் முதல் 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்தவை அவை.

சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி 10 லிட்டர் கடல்நீர் வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டி, கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றிச் சித்திரை வெயிலில் வையுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம், அரித்துப்போகும். நீர் 2 லிட்டர் அளவுக்குச் சுண்டும்போது மெல்லிய ஜிப்சம் படியும். தெளிந்த நீரை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். 1 லிட்டரை நெருங்கும்போது கனசதுரமாக உப்பு பூக்கும். முழுக்கக் காய விடாதீர்கள்: கடைசியில் மிஞ்சும் மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து எல்லாவற்றையும் பிசுபிசுப்பாக்கும். அடுப்பில் கொதிக்க வைத்தால் படிகம் பொடியாகும்.

பார்க்க வருபவர்களிடம் இந்தக் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டர் ஆழக் கடல் முழுதும் வற்றினாலும் மிஞ்சும் உப்பின் கனம் 15 மீட்டர் அளவுதான். மத்தியதரைக் கடலடியில் சில இடங்களில் உப்பின் கனமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒரே தடவை வற்றி வந்ததல்ல. கடல்நீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுத்தது சரிவு. பாரம் ஏறினால் பாறை உப்பு மெல்ல வழிந்து நகரும். மேலே கிடக்கும் வண்டல் சாய்ந்து சறுக்கும். அந்தச் சறுக்கல் சேற்று வெள்ளமாக மாறுவதைத் தொட்டியில் காட்டலாம்.

மூன்றடி மீன்தொட்டியில் 60 செ.மீ. பலகையை ஒரு முனை 10 செ.மீ. உயரச் சாய்த்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, 25 செ.மீ. நீர் நிரப்புங்கள். மேல்முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு அக்ரிலிக் தடுப்பு. இரு பக்கமும் நீர்மட்டம் சமமாக இருக்கட்டும். இல்லையென்றால் தடுப்பைத் தூக்கியதும் அலைதான் வரும். பருமனும் பொடியும் கலந்த ஆற்று மணல் 1 கிலோ, இரவு முழுக்க ஊறிய குயவர் களிமண் அரைக் கிலோ இரண்டையும் தடுப்புக்குப் பின்னால் போட்டு நன்றாகக் கலக்கி, ஐந்து விநாடிக்குள் தூக்குங்கள். தாமதித்தால் மணல் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது தண்ணீரில்தான். நம் பக்கத்து போர் தண்ணீரில் உள்ள கால்சியம் களிமண்ணைத் திரித்துவிடும். சேறு ஓடாமல் கட்டியாக இறங்கும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துங்கள். வெயிலில் எடுத்த உப்பையும் தொட்டியில் போடாமல் தனிக் கண்ணாடிச் சாடியில் வையுங்கள்.

பலகைக்குக் குறுக்கே 15 செ.மீ. இடைவெளியில் கம்பளி நூல் கட்டி, பக்கவாட்டில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நூல்கள் வரிசையாக ஆடும். 1929இல் கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் 12 கடலடித் தந்திக் கேபிள்கள் அறுந்தன. சரிவில் கீழே கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த நேரத்தை வைத்துத்தான் அவற்றை அறுத்த சேற்று வெள்ளத்தின் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட்டார்கள்.

மறுநாள் மெல்லிய குழாயால் மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். கண்ணாடியோரம் அடியில் பருமணல், மேலே பொடிமணல், அதற்கும் மேலே களிமண் என அடுக்கு தெரியும். அவசரப்பட்டுக் குழாயைப் படிந்த மண்ணோடு ஒட்டி வைத்தால் மேலடுக்கு முதலில் போய்விடும்.